இங்கிலீஷில் ஒரு காகிதம்

கூடலூர்
18.6.1979

அன்புள்ள மாமாவுக்குச் சுந்தரி எழுதுவது.

தொண்டை கட்டிப் போய்விட்டது. பேச்சு வராததால் எழுத்தாவது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பச்சை ஸ்வெட்டரைப் போடச் சொன்னால் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு இருமுகிற ஆள் நீங்கள்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் என் தலையில் விழுந்திருக்கிறது. எழுபத்தொரு பிள்ளைகள். பாதிக்கு மேல் சிலோனிலிருந்து வந்து அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினவர்களின் பிள்ளைகள். மிச்சத்தில் மலையாளம் பேசுகிறவை கொஞ்சம், கன்னடம் பேசுகிறவை கொஞ்சம். மேலே தகரக் கூரை, அதன் மேல் இந்த ஜூன் மழை. பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. நான் "ஸ்டாண்ட் அப்" என்றால் எழுபத்தொரு பேரும் உட்கார்ந்தபடியே "ஸ்டாண்ட் அப்" என்று திருப்பிக் கத்துகிறார்கள். "சைலன்ஸ்" என்றால் "சைலன்ஸ்!" என்று அதற்கும் மேலே கத்துகிறார்கள். அழுவதா சிரிப்பதா சொல்லுங்கள்.

இவர்களுக்கெல்லாம் தலைவி ஒருத்தி இருக்கிறாள். சின்னம்மை என்று பெயர். பதினொரு வயசு, எலும்பும் தோலும், குரல் மட்டும் தோட்டத்துச் சங்கு. இவள் அம்மா சிலோனில் தொரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவளாம். அந்த அடுப்படியில் கேட்டுக் கேட்டு இவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் காதில் ஏறியிருக்கிறது. நான் வாய் திறந்து ஒன்று சொன்னால் இவள் பின்பெஞ்சுப் பக்கம் திரும்பி ஒன்பது சொல்கிறாள். ஒரு நிமிஷம் வாய் மூடுவதில்லை. நேற்று அதட்டினேன். "நான் சும்மாதாங்க டீச்சர் இருக்கேன், வாய்தான் பேசுது" என்கிறாள்!

ஹெட்மாஸ்டர் ஆறுக்குட்டி சார் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க டீச்சர், பாடம் நடக்குதுங்களா, சந்தை கூடுதுங்களா?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் முன்னால்! ஜூலை பத்தாம் தேதி இன்ஸ்பெக்‌ஷன். என் டிரான்ஸ்பர் விண்ணப்பத்தில் "வகுப்பு ஒழுங்கு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இன்ஸ்பெக்டர் நல்ல வார்த்தை எழுதினால்தான் குன்னூர்ப் பக்கம் வர முடியும் என்கிறார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு வருஷம் இப்படித் தபாலில் குடித்தனம் நடத்தியாகிவிட்டது. எழுபத்தொரு வாய் மூடினால் நான் உங்களிடம் வந்துவிடலாம். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள்
ஞானசுந்தரி


அருவங்காடு
22.6.1979

அன்புள்ள சுந்தரிக்கு மயில்சாமி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சாட்சிக்கு ஆள் இல்லை, நம்பிக்கொள்.

நீ சத்தத்தைச் சத்தத்தால் அடக்கப் பார்க்கிறாய். என் இன்ஸ்டிட்யூட்டில் பன்னிரண்டு டைப்ரைட்டர் ஒரே நேரத்தில் அடிக்கிறது. நான் என்றைக்காவது கத்தியிருக்கிறேனா? தப்பு அடித்தவன் தாளை உருவி, சிவப்பு மையில் வட்டம் போட்டு, "அப்பாகிட்டக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று கொடுத்துவிடுவேன். மறுநாள் ஆள் அடக்கமாக வருவான். ஜனங்கள் வாய்க்குப் பயப்படுவதை விடக் காகிதத்துக்குப் பயப்படுவார்கள்.

இத்துடன் பத்துத் தாள் அனுப்புகிறேன். நல்ல பாண்டு பேப்பரில், நானே உட்கார்ந்து பத்தையும் தனித்தனியாக அடித்தேன். பிள்ளையின் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறது. நீ நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, ஹெட்மாஸ்டரிடம் கேட்டுப் பள்ளியின் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்து. சத்தம் போடுகிற பிள்ளை கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பு.

தமிழில் அடித்திருக்கலாமே என்பாய். தமிழில் இருந்தால் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுவார்கள், இவ்வளவுதானா என்று சொருகிவிட்டுப் போவார்கள். இங்கிலீஷில் இருந்தால் பயம் இருக்கும். நீயும் இங்கிலீஷ் டீச்சர்தானே, பொருத்தமாகவே இருக்கும்.

சின்னம்மையிலிருந்து ஆரம்பி. தலையை அடக்கினால் வால் அடங்கும். குன்னூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். சமையலறையில் ஜன்னல் இருக்கிறது.

அன்புடன்
மயில்சாமி


கூடலூர்
2.7.1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். வகுப்பு அடங்கிவிட்டது!

வியாழக்கிழமை பாடத்தின் நடுவே சின்னம்மை பின்பக்கம் திரும்பி என்னவோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். மகள் சின்னம்மை, தகப்பன் பழனியாண்டி என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வகுப்பே பார்க்க அவளிடம் நீட்டினேன். தலைப்பைக் கொட்டை எழுத்தில் என்ன கம்பீரமாக அடித்திருக்கிறீர்கள்! நான் முழுசாகக்கூடப் படிக்கவில்லை, பார்த்த உடனேயே எனக்கே நடுக்கம் வந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வகுப்பில் அப்படி ஒரு அமைதி. பின்பெஞ்சு வேலன்கூட வாயைப் பொத்திக்கொண்டான்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை, இன்று, எல்லா நாளும் அப்படியே. நான் பேசுகிறேன், எழுபது பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மழை கூரையில் விழுவது தனியாகக் கேட்கிறது. ஆறுக்குட்டி சார் வந்து தட்டிக்கு மேலே பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சர், மந்திரம் ஏதாச்சும் போட்டீங்களா?" என்றார். மிச்சம் ஒன்பது தாள் அப்படியே இருக்கிறது. மேசை மேல் வைத்தாலே போதும்.

சின்னம்மை மட்டும் வெள்ளியிலிருந்து வரவில்லை. வீட்டில் நல்ல பூசை கிடைத்திருக்கும், முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கும். இல்லையென்றால் காய்ச்சலோ என்னவோ. இந்த வாரத்தில் ஒரு நாள் தோட்டத்து லைன் வீடுகள் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். பாவம், சிறுசுதானே. அவள் பெற்றோரிடம் இரண்டு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டு வருகிறேன்.

அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது? வெயில் வருமா?

உங்கள்
சுந்தரி


கூடலூர்
5.7.1979

மாமா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தபாலில் போடவில்லை. காலை முதல் பஸ் கண்டக்டர் செல்லக்கண்ணுவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் சின்னம்மை வீட்டுக்குப் போனேன். வீடு காலி.

பூட்டுக்கூட இல்லை, கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து உள்ளே போனேன். கூட்டிப் பெருக்கி, அடுப்புச் சாம்பலை அள்ளி, தரையை மெழுகிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் படம் மாட்டிய ஆணி மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டு மருதாயி ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "இது அவுங்க ஆடுதான் டீச்சர். கருப்பம்மா குடுத்துட்டுப் போயிட்டா" என்றாள். கருப்பம்மா என்பது சின்னம்மையின் அம்மா.

எங்கே போனார்கள் என்று கேட்டேன். மருதாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பத்துச்சீட்டு வந்துருச்சுல்ல. அப்பறம் எப்படி இருக்க?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். சிலோன் தோட்டத்தில் ஆளை நீக்கினால் தொரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாராம். பேரை வெட்டிவிட்டோம், வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பெயர் பத்துச்சீட்டு. அந்தக் குடும்பத்துக்கு அங்கே மூன்று தடவை இங்கிலீஷ் காகிதம் வந்ததாம். முதல் தடவை பழனியாண்டி அது என்னவென்று தெரியாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார். ஆள் வந்து சட்டி பானையெல்லாம் தூக்கி வெளியே வீசினார்களாம், கருப்பம்மா பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத நேரத்தில். "அதுக்கப்பறம் அந்த மனுசன் ஒரே புடியா நிப்பாரு டீச்சர். காயிதம் வந்தா ஆளு வர்றதுக்குள்ள நாமளே எறங்கிடணும்பாரு. இப்பவும் ஒருத்தருக்கும் காட்டல, கேக்கல. காலைல எல்லாரும் பெரட்டுக்குப் போனப்பறம் சாமானக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாங்க" என்றாள். பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுக்கிற நேரம்.

அது பள்ளிக்கூடத்துக் காகிதம், பிள்ளை சத்தம் போட்டதற்குக் கொடுத்தது என்றேன். மருதாயி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, அதுக்குப் போயா இங்கிலீசுல எழுதுவாங்க?" என்றாள்.

தோட்டத்து ஃபீல்ட் ஆபீசரைப் பார்த்தேன். நல்ல மனிதர், அவரும் ஆடிப்போய்விட்டார். ஆனால் பத்து வேலை நாளுக்கு மேல் சொல்லாமல் நின்றுவிட்டால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயர் போய்விடும், வீடு காத்திருக்கிற அடுத்த குடும்பத்துக்குப் போகும், அதை அவரால் மாற்ற முடியாதாம். செவ்வாயோடு பத்து நாள் முடிகிறது. புதன்கிழமை காலைப் பெரட்டிலாவது பழனியாண்டி நிற்க வேண்டும்.

கருப்பம்மாவின் தம்பி எல்லப்பன் கட்டபெட்டில் யாரோ படகரின் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறானாம். அங்கேதான் போயிருப்பார்கள் என்கிறாள் மருதாயி. எனக்கு லீவு கேட்டேன். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்‌ஷனை வைத்துக்கொண்டா என்று ஆறுக்குட்டி சார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அருவங்காட்டிலிருந்து கட்டபெட்டு உங்களுக்கு எவ்வளவு தூரம்? நாளைக்கே போங்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சுந்தரி


அருவங்காடு
6.7.1979

அன்புள்ள சுந்தரிக்கு,

கண்டக்டர் கொடுத்தார். படித்தேன். முதலில் நீ தண்ணீர் குடித்துவிட்டு அமைதியாக உட்கார்.

நீ செய்தது தப்பில்லை. பிள்ளை சத்தம் போட்டாள், பெற்றோருக்குத் தெரிவித்தாய். உலகம் முழுக்க டீச்சர்கள் செய்வதுதான். படிக்கத் தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அவர்களும் இடம் விட்டு இடம் போய்ப் பழகினவர்கள், நாலு நாளில் விஷயம் தெரிந்து தாங்களாகவே திரும்பி வருவார்கள்.

எனக்கு அடுத்த மாதம் டைப்ரைட்டிங் பரீட்சை. இருபத்தாறு பேர் கட்டணம் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டபெட்டில் எல்லப்பன் என்று போய் யாரைக் கேட்பது? தோட்டம் தோட்டமாக ஏறி இறங்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் பார்க்கிறேன்.

இன்னொன்று. மிச்சமிருக்கிற ஒன்பது தாளையும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. ஃபீல்ட் ஆபீசரிடம் நீயாகப் போய்ச் சொன்னது அவசரம். இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் இரண்டு வருஷம் காத்திருந்ததெல்லாம் வீண். குன்னூர் வீட்டுக்காரர் பதினைந்தாம் தேதிக்குள் பதில் கேட்கிறார்.

அன்புடன்
மயில்சாமி


கூடலூர்
7.7.1979

மாமாவுக்கு,

"பழகினவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நாலு தடவை படித்தேன். இது நீங்கள் எழுதியதா? நாலு வருஷமாக நான் யாரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கே திகைப்பாக இருக்கிறது. சட்டி பானை வெளியே விழுவதற்கு ஒருத்தர் எப்படிப் பழகுவார், சொல்லுங்கள்.

தாளைக் கிழிக்கவில்லை. கிழிப்பதற்காக எடுத்து, முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். ஆமாம், முதல் தடவையாக! இங்கிலீஷ் டீச்சர் நான். கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒன்பது நாள் கழித்துப் படிக்கிறேன்.

மேலே கொட்டை எழுத்தில் "நோட்டீஸ்". அதன் கீழே நம்பர், தேதி. பிறகு, இன்னார் தொடர்ந்து தொந்தரவு விளைவித்து வருவதால் இதன் மூலம் எச்சரிக்கப்படுகிறார் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, மேற்கொண்டு அறிவிப்பின்றி வெளியேற்றப்பட நேரிடும் என்று ஒரு வரி. இதைத் தோட்டத்து ஆபீசரே படித்திருந்தாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். பிள்ளை, பள்ளிக்கூடம், பாடம் என்ற வார்த்தையே மூன்றாவது பாராவில்தான் வருகிறது. பழனியாண்டிக்கு ஒன்றும் தவறாக விளங்கவில்லை மாமா. உங்கள் காகிதத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

இந்த வாசகத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? உங்களிடம் கார்பன் நகல் இருக்குமே. இன்ஸ்டிட்யூட் கதவைச் சாத்திவிட்டு உரக்கப் படியுங்கள். படித்த பிறகும் பரீட்சைதான் முக்கியம் என்று தோன்றினால் எனக்கு எழுத வேண்டாம். திங்கட்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பேன். உங்களிடமிருந்து ஒன்றும் தெரியாவிட்டால் செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் நானே கட்டபெட்டு போவேன். இன்ஸ்பெக்டர் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஞானசுந்தரி


கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட்
9.7.1979, திங்கள் பகல்

சுந்தரி,

இதை எழுதும்போது பழனியாண்டி குடும்பத்தார் நாலு பேரும் எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊட்டி பஸ் வர இன்னும் முக்கால் மணி இருக்கிறது.

உன் கடிதத்தைக் கண்டக்டர் நேற்று மத்தியானம் கொடுத்தார். நகலை எடுத்து உரக்கப் படித்தேன். பாதியில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டாயே. குன்னூரில் ஒரு வக்கீலுக்கு வாடகைக்காரர்களைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். வருஷத்துக்கு முப்பது நாற்பது அடிப்பேன். கை அந்த வரிகளுக்குப் பழகிவிட்டது. உனக்கு அடிக்க உட்கார்ந்தபோது கம்பீரமாக இருக்கட்டும் என்று அதே மாதிரியில் பெயரை மாற்றினேன். பழகினவன் நான்தான், சுந்தரி. அந்த வார்த்தையை அவர்கள் மேல் போட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

இன்று விடிந்ததும் கட்டபெட்டு போனேன். பத்து மணிக்குள் கண்டுபிடித்துவிட்டேன். எல்லப்பன் இருக்கிற தோட்டத்து ஓரத்தில் உரமூட்டை போடுகிற கொட்டகையில் இருந்தார்கள். மழை ஒரு பக்கமாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. நான் சட்டைப் பையில் பேனாவோடு போய் நின்றதும் பழனியாண்டி எழுந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இங்கயுமா தொரை?" என்று கேட்டார்.

என்னைத் தொரை என்று சுந்தரி!

நான் டீச்சரம்மா வீட்டுக்காரர், அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்றேன். பாஸ்போர்ட்டுகள், குடும்ப அட்டை எல்லாம் வைத்திருக்கிற பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. எல்லப்பன் குறுக்கே வந்து, "நான் அஞ்சாப்பு படிச்சவன் சார், நோட்டீசுன்னு எழுத்துக் கூட்டிப் பாத்தேன், மாமா சொன்னது சரிதான்" என்றான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததை ஏன் தோட்டத்துக் காகிதம் என்று நினைத்தீர்கள் என்றேன். பழனியாண்டி, "பள்ளிக்கூடமும் கவருமெண்டு, தோட்டமும் கவருமெண்டு. கோபுர முத்திரை ஒண்ணுதானுங்களே ஐயா" என்றார்.

நான் அதைத் தமிழில் படித்தேன். நோட்டீஸ், வெளியேற்றம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உங்கள் மகள் வகுப்பில் அதிகமாகப் பேசுகிறாள், கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கருப்பம்மா, "பேசுனதுக்கா?" என்றாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பெண் உடனே தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டது. இங்கே பெஞ்சிலும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது. பன் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பொத்திக்கொண்டது.

பழனியாண்டி லேசில் கிளம்பவில்லை. பேர் வெட்டின இடத்தில் போய் நின்றால் மரியாதையாக இருக்காது என்றார். வெட்டவில்லை, செவ்வாய் வரை நாள் இருக்கிறது என்று ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியில் காலில் விழப்போனேன். அவர் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மூட்டையைக் கட்டினார்கள்.

இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தை வாங்கத் தயங்கினார். அதனால் உறையை ஒட்டவில்லை. இதுவரை தமிழில் எழுதியதை அவருக்கு முழுக்க இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் தொரை என்று கூப்பிட்டதை எழுதியிருப்பதைக் கேட்டு லேசாகச் சிரித்தார். ராத்திரிக்குள் கூடலூர் வந்துவிடுவார்கள். காலையில் அவரோடு பெரட்டுக்கு நீயும் போய் நில்.

மயில்சாமி


கூடலூர்
12.7.1979

அன்புள்ள மாமாவுக்கு,

வந்து சேர்ந்தார்கள். செவ்வாய் காலைப் பெரட்டில் பழனியாண்டியோடு போய் நின்றேன். பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் "இருக்கேனுங்க" என்று சொன்ன சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. வீடும் அவர்களுக்கே இருக்கிறது. மருதாயி ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். நீங்கள் போனதற்கு நான் என்ன சொல்வது? உங்கள் மேல் இருந்த கோபம் பாதி அந்தப் பஸ் ஸ்டாண்ட் கடிதத்திலேயே போய்விட்டது. மீதி என் மேல் திரும்பிவிட்டது.

அன்றைக்கே இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுக் காட்டவில்லை. அவர் சாக்கட்டியைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன் பெயர் என்ன என்று வேலனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான். தன் பெயர் சொல்லத் தெரியவில்லை மாமா, ஒரு மாதம் இங்கிலீஷ் நடத்தியிருக்கிறேன்!

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் சொல்கிறதை அத்தனை நாளும் அந்தப் பெண்தான் திரும்பித் திரும்பி அவர்கள் பேச்சில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சத்தம்தான் வகுப்பில் நடந்த பாடம். அவள் போன வெள்ளிக்கிழமையிலிருந்து ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, விளங்காமல் உட்கார்ந்திருந்ததைத்தான் நான் அடக்கம் என்று உங்களுக்கு எழுதிக் கொண்டாடியிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் என்ன எழுதினார் தெரியுமா? "வகுப்பு ஒழுங்கு மிகச் சிறப்பு." என் கண் முன்னால் எழுதி, டிரான்ஸ்பர் விண்ணப்பத்தில் சிபாரிசு செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆறுக்குட்டி சார் இனிப்பு எப்போது என்கிறார்.

சின்னம்மை பள்ளிக்கூடம் வருகிறாள். வாயை மட்டும் திறக்கவில்லை. வீட்டிலும் இல்லையாம், தம்பியோடுகூட இல்லையாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பேச்சுதான் எனக்கு வேண்டும், கத்து, எவ்வளவு வேண்டுமானாலும் கத்து என்றேன். நானே எழுந்து நின்று வகுப்பில் கத்திக் காட்டினேன். ஆறுக்குட்டி சார் தட்டிக்கு மேலே பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று பள்ளி விட்டதும் மேசைக்கு வந்து உங்கள் காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். முன்பு வாங்கினது போலவே இரண்டு கையாலும். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தாள். இங்கிலீஷ் காகிதத்துக்கு இங்கிலீஷில்தான் பதில் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். "ஐ நோ டாக். டோன்ட் கட் ஃபாதர் நேம்." நான் பேச மாட்டேன், அப்பா பெயரை வெட்டாதீர்கள். அவ்வளவுதான். கீழே என் கையெழுத்துக்கு நேர் பின்னால் சின்னம்மை என்று தன் பெயர், அதையும் இங்கிலீஷில்.

இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு பிள்ளை தானாக யோசித்து எழுதின முதல் இங்கிலீஷ் இதுதான். அதை அங்கேயே வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

டிரான்ஸ்பர் விண்ணப்பத்தை ஆறுக்குட்டி சாரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். அவள் பேசுகிற வரைக்கும் நான் இங்கேதான். ஒரு மாதமோ ஒரு வருஷமோ தெரியாது. குன்னூர் வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜன்னல் வைத்த சமையலறை என்று எழுதியிருந்தீர்கள், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

உங்களுக்குக் கோபம் வரும். வந்தால் எழுத வேண்டாம். பரீட்சை முடிந்ததும் பஸ் ஏறி நேரே வாருங்கள். அவள் உங்கள் முகத்தையும் பார்க்கட்டும். காகிதம் மட்டும் அனுப்பாதீர்கள்.

உங்கள்
சுந்தரி